கடலைப் பார்த்த வாசல்

இரண்டாவது பந்திக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது முதல் போன் அடித்தது. அதை எடுத்தவர் பேசி முடிப்பதற்குள் இன்னொன்று அடித்தது. பிறகு மடியில், சட்டைப்பையில், இலைக்குப் பக்கத்தில் என்று பந்தல் முழுக்க அடித்தது. கல்யாணப் பந்தலில் போன் அடிப்பது அதிசயமில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தால் எங்கள் சனம் முதலில் பிள்ளைகளைத் தேடும்.

என் கடைசி மகன் குமாரின் கல்யாணம் அது. காலையில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, எங்கள் காலனியின் பொது மைதானத்தில் சாப்பாடு வைத்திருந்தோம். நல்ல வெயில் காலம். பந்தல் துணி அசையவில்லை. நான் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மரம் வைத்தது, சுவர் எழுப்பியது, எல்லாம்.

ஒரு பையன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். "மெட்ராஸ்ல கட்டடம் ஆடுச்சாம். கடலுக்கு அடியில நெலம் ஆடியிருக்காம். டிவில போடுறான். தண்ணி வரும்ங்குறான்."

மைக் செட்டில் பாட்டை நிறுத்தினார்கள். பாட்டு நின்றதும் கடல் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அது இருந்திருக்கும். பாட்டில் அமுங்கிக் கிடந்திருக்கும். இப்போது சுவருக்கு வெளியே பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல் கேட்டது.

எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

சுற்றிச் சுவர் எழுப்பிய அந்த மைதானத்துக்கு ஒரே வாசல். அது கிழக்கே இருந்தது. கடலும் கிழக்கேதான் இருந்தது.

வெள்ளைப் பொடிக் கோடு

வாசல் ஏன் அங்கே வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும்.

சுனாமி அலை வந்துபோன பிறகு கொஞ்ச காலம் தகரக் கொட்டகையில் கிடந்தோம். அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். கிள்ளை ஊருக்கு இந்தப் பக்கம், கரையிலிருந்து கால் மணி நேர நடையில், ரோட்டை ஒட்டி வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். வீடுகளுக்கு நடுவே ஊருக்குப் பொதுவாக ஓர் இடம் விடுவார்களாம். கல்யாணம், கூட்டம், திருவிழா எல்லாம் அதில். அதை எப்படி அமைக்கலாம் என்று எங்களிடமே கேட்டு வரைய ரேவதி என்ற இஞ்சினியர் பெண்ணை அனுப்பினார்கள்.

முதல் நாள் அவள் காகிதமே எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டாள். "நீங்க வலை எங்கம்மா பின்னுவீங்க? கல்யாணம் எங்க வைப்பீங்க? பிள்ளைங்க எங்க விளையாடும்? சண்டை எங்க போடுவீங்க?"

என் நாத்தனார் அஞ்சலை, என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்தவள், உடனே சொன்னாள்: "சண்டைக்குன்னு தனியா எடம் வேணாம் தாயி. எங்க அண்ணி எங்க ஒக்காருதோ அதான் எடம்."

மறுநாள் ரேவதி ஒரு டின் நிறையச் சுண்ணாம்புப் பொடி கொண்டுவந்து வெறும் தரையில் கோடு போட்டாள். இது மேடை, இது நடைபாதை, இது மரம். எங்களை அதற்குள் நடக்கச் சொன்னாள். பெண்கள் எங்கே கால் ஓய்ந்து உட்கார்ந்தார்களோ அங்கே ஒரு கல்லை வைத்தாள். "இங்க நிழல் வேணும்" என்றாள். பிள்ளைகள் கோட்டை மிதித்து அழித்தால், அழிந்த பக்கமாகக் கோட்டைத் தள்ளிப் போட்டாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மேற்கே, ரோட்டுப் பக்கம், அவள் கோடே போடவில்லை. அகலமாகத் திறந்து விட்டிருந்தாள்.

"இது இன்னாத்துக்கு இவ்ளோ அகலம்?" என்றேன்.

"அவசரம்னா எல்லாரும் ஒரே நேரத்துல ரோட்டுக்குப் போகணும்ல அம்மா."

"ஓடுறதுக்கா மைதானம் கட்டுற? ஒக்காரதுக்குக் கட்டு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதற்கப்புறம் நான் சொன்னதை நானே விட முடியவில்லை.

முதுகைக் காட்டக் கூடாது

எங்கள் சனத்தில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடலைப் பார்த்து நிற்க வைத்துப் பால் ஊற்றுவோம். கடல் எங்களுக்குத் தாய்; நல்லது எதுவானாலும் முதலில் அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் பார்க்காமல் ஒன்றும் ஆரம்பிப்பதில்லை.

அலைக்குப் பிறகு அந்த எண்ணம் பயமாக மாறிவிட்டது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் குழாயடியில், கொட்டகையின் இருட்டில், பெண்கள் எல்லோரும் ஒன்றைத்தான் யோசித்தோம். நாம் என்ன குறை வைத்தோம்? எதற்கு இத்தனை கோபம்? இப்போது ஊரையே உள்ளே தள்ளிக்கொண்டு போய், ரோட்டைப் பார்த்து வாசல் வைத்து, அவளுக்கு முதுகைக் காட்டினால் சும்மா இருப்பாளா?

மேற்கே வேறு தொல்லையும் இருந்தது. வயலில் மேயும் மாடு வரும். ரோட்டோரக் கடையில் குடித்தவர்கள் வந்து உட்காருவார்கள். அதனால் மேற்கே சுவர் வேண்டும், வாசல் கிழக்கே வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவளும் நான்.

ரேவதி மூன்று நாள் மன்றாடினாள். கடைசி நாள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, தண்ணி வந்தா இந்த வாசல்ல தண்ணியப் பார்த்துதான் ஓடணும். கொஞ்சம் யோசிங்க."

"வாசல் வெச்சு வணங்குனா வராது," என்றேன்.

நிறுவனத்தார் அவள் வரைந்ததைத்தான் கட்டுவோம் என்றார்கள். நான் விடவில்லை. பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூருக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பத்தில் இறங்கி, வெயிலில் நின்று, அதிகாரியைப் பார்த்து மனு கொடுத்தோம். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான் பேனாவை வாங்கி 'பூங்காவனம்' என்று ஆறு எழுத்தையும் எழுதினேன். என் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்று மேலே இடம் விடச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக நான் போட்டு முடிக்கும் வரைக்கும் அந்த அதிகாரி பொறுமையாக இருந்தார். "ஊர் சனமே கேக்குது, அப்படியே செஞ்சு குடுத்துடலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். ராணி மாதிரி.

சுவர் என் தலை உயரத்துக்கு எழுந்தது. குடிகாரர்கள் மேலே ஏறி உட்காராமல் இருக்கக் கண்ணாடிச் சில்லுப் பதிக்கச் சொன்னோம். அதையும் பதித்தார்கள். கிழக்கு வாசல் அம்மன் பல்லக்கு நுழையும் அளவு. அதற்கு மேல் ஒரு முழம்கூட இல்லை.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுத வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்; நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவர்கள்தான். போன வாரம் மீன் ஏலத்தில் நான் நாலு ஆம்பளைகளின் வாயை அடைத்த கதையை எழுதினேன். படித்தவர்கள் மெச்சினார்கள். ஜெயித்ததை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அது பாதி வாழ்க்கைதான்.

மைதானம் நன்றாகத்தான் இருந்தது. சில வருஷம் ஒரு குறையும் இல்லை. ஆடிக் கூழ் ஊற்றினோம். கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாம் போட்டார்கள். மகளிர் குழு கூடியது. சாயங்காலத்தில் பையன்கள் பந்து அடித்தார்கள். ஊரே என்னை மெச்சியது. ஆனால் ஒன்று இப்போது சொல்கிறேன். அங்கே எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் வாசலைப் பார்த்தபடியே உட்காருவேன். அதற்கு முதுகைக் காட்டி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மரியாதைக்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஜமுக்காளம்

கல்யாணத்தன்று அந்த வாசலைப் பார்த்து ஊர் நின்றது என்று சொன்னேன் அல்லவா? நின்றது ஒரு மூச்சு நேரம்தான். பிறகு வாலிபர்கள் சிலர் ஓடினார்கள். வாசலைத் தாண்டி, கடலை நோக்கி இரண்டு வீட்டு நீளம் போய், தெருவைச் சுற்றிக்கொண்டுதான் மேற்கே ரோட்டுக்கு வர முடியும். அவர்களுக்குப் பின்னால் போன ஒருத்தி வாசலில் நின்று வெளியே பார்த்தாள். தூரத்தில் வானம் மட்டும்தான் தெரிந்தது. அதற்கே கால் மடங்கி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் முட்டினார்கள். அவர்கள்மேல் அடுத்தவர்கள். பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொண்டு அலறின.

என் வீட்டுக்காரரை அலை கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் முதலில் ஒரு சத்தமும் இல்லை. கறுப்பாக எழுந்து நின்றது, அவ்வளவுதான். அவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

"பெஞ்சை இழுடா!" என்று குமார் கத்தினான். பரிமாறும் பெஞ்சை மேற்குச் சுவரோடு சேர்த்துப் போட்டான். சம்பந்தி முதலில் தன் மகளைத்தான் தூக்கிவிட்டார். தாலி ஏறி அரை நாள் ஆகாத பெண், கலா. கழுத்தில் மாலை, பட்டுச் சேலை. ஒரு காலைத் தூக்கிச் சுவரைப் பிடித்தாள்.

கண்ணாடிச் சில்லு அவள் கையில் இறங்கியது. அவள் கத்தவில்லை. கையை எடுத்து அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "ஜமுக்காளத்தை எடு! மடிச்சு மேல போடு!"

ஜமுக்காளத்தை நாலாக மடித்துச் சில்லின்மேல் போட்டார்கள். கலாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். பிறகு பிள்ளைகள், பெண்கள், ஒவ்வொருவராக. பெஞ்சின் கால் முறியும் வரைக்கும் ஏறினார்கள். முறிந்தபோது கிட்டத்தட்ட எல்லோரும் போயிருந்தார்கள். மீதிப் பேர் வாசலில் நெருக்கடி தீர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

நானும் அஞ்சலையும்தான் மிச்சம். அவளுக்கு முட்டி மடங்காது. எனக்கு அன்று மடங்கியது நிமிரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குமார் கூப்பிட்டான். "அம்மா!"

"நீ பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடா. ரத்தம் ஜாஸ்தியா போவுது. நாங்க வாசல் வழியா வந்துடுறோம்."

"நெஜமா வந்துடுவியா?"

"வந்துடுறேன் போ."

அது பொய். அந்த வாசல் பக்கம் ஓர் அடி வைக்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். வண்டி கிளம்பிய சத்தம் தூரமாகப் போய்விட்டது.

பாயாசம்

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நானும் அவளும். முன்னால் முந்நூறு இலை, பாதி தின்றது, முழுசாகத் தின்றது. அதற்கு அப்பால் வாசல்.

"அண்ணி."

"இன்னா?"

"வாசல் நல்லாத்தான் வெச்சிருக்க. எங்கயும் சுத்தாம நேரா நம்ம மடிக்கே வரும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவமா?"

"இல்லடி."

"பாயாசம் குடிக்கிறியா?"

"இப்பவா?"

"பின்ன எப்ப?"

அவள் விந்தி விந்திப் போய் இரண்டு டம்ளரில் மொண்டு வந்தாள். நான் வாங்கும்போது பாதி சேலையில் கொட்டியது. காற்று ஒரு பேப்பர் டம்ளரைத் தரையில் உருட்டிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். ஓர் ஆடு வாசலில் தலையை நீட்டியது. அஞ்சலை அதைக் கும்பிட்டாள். ஏன் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. நானும் கும்பிட்டேன்.

"அண்ணன் இருந்தா நம்மள விட்டுட்டு ஓடியிருக்கும்," என்றாள்.

"ஓடியிருக்காது."

"ஓடியிருக்கணும் அண்ணி. அன்னிக்கு ஓடியிருக்கணும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து அவள் என்னைக் குத்திப் பேசத்தான் செய்திருக்கிறாள். கையைப் பிடித்தது அன்றுதான்.

வெயில் சாய்ந்து பந்தல் நிழல் வாசல்வரை நீண்ட பிறகு, ரோட்டில் ஜீப் ஒன்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனது. ஆபத்து இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று. அலை வரவில்லை.

கீரப்பாளையம்

கலாவின் உள்ளங்கையில் சிதம்பரத்தில் தையல் போட்டார்கள். அங்கிருந்து அவள் அப்பா நேராகக் கீரப்பாளையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அவர்களும் எங்கள் சனம்தான். ஆனால் கரையை விட்டு உள்ளே போய் ரொம்ப நாளாகிவிட்டது. அவர் ஜீப் ஓட்டும் வேலையில் இருந்தார். பெண் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கடலோரமாச்சே, பயமில்லையா?" எங்கள் மைதானத்துச் சுவர் கோட்டை மாதிரி என்று நான்தான் தைரியம் சொல்லியிருந்தேன்.

குமார் இரண்டு தடவை போனான். இரண்டு தடவையும் தனியாகத் திரும்பினான். மூன்றாவது தடவை நான் போனேன். சிதம்பரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டேன். கவர்மெண்டு கட்டியது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் வயல். கடல் சத்தமே இல்லாத ஊர். அந்தப் பெண் இங்கிருந்து ஏன் வர வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அந்த நினைப்பு அலையைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

சம்பந்தி மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல கோவமில்ல சம்பந்தியம்மா. ஒரே பொண்ணு. எப்படி அனுப்புறது சொல்லுங்க?"

கலா இடது கையால் தண்ணீர் கொடுத்தாள். வலது கையில் கட்டு. எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்டாள்: "அத்தை, அந்த வாசலை அங்க வெச்சது யாரு?"

மனப்பாடம் செய்தது தொண்டை வரைக்கும் வந்தது.

"நான்தான்," என்றேன்.

"எதுக்கு?"

"பயந்துட்டேன்."

அந்தச் சொல்லை அதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரைப் புதைத்த அன்றுகூடச் சொல்லவில்லை. "கடலுக்கு முதுகைக் காட்டினா கோவிச்சுக்கும்னு பயந்தேன். அந்தப் பயத்துல உங்களையெல்லாம் செவுத்துக்குள்ள அடச்சு வெச்சுட்டேன்."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி இருந்தாள். "நானும் பயந்துதான் இங்க கெடக்குறேன். அவரு வந்து கூப்பிடுறப்ப அழுகையா வருது. ஆனா கால் வரல. அந்தச் செவுத்தை ஒடைங்க அத்தை. வந்து பாக்குறேன். பாத்துட்டுதான் சொல்லுவேன்."

ஊர்க் கூட்டம்

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஆம்பளைகள் நடுவில் உட்காருவார்கள். பெண்கள் ஓரத்தில் நிற்போம். கேட்டால்தான் பேசுவோம். அன்று யாரும் கேட்காமலே நான் நடுவில் போனேன்.

"மேக்குச் செவுத்தை ஒடைக்கணும் தலைவரே."

தலைவர் சிரித்தார். "கடலூர் வரைக்கும் போயி நீ வாங்கிட்டு வந்த செவுராச்சே பூங்காவனம்?"

"நான் வாங்கிட்டு வந்ததுதான். அது தப்பு."

"தண்ணிதான் வரலையே," என்றது ஒரு குரல்.

"வரலைன்னா செவுரு சரின்னு ஆயிடுமா? ஒன் பொண்டாட்டி வாசல்ல மிதிபட்டதை நீ பாக்கல? நீதான் எல்லாருக்கும் முன்னாடி ஓடிட்டியே."

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எனக்கு இனிக்கவில்லை. தலைவர் குரலைத் தாழ்த்தினார். "மேக்க தொறந்தா அவளுக்கு முதுகு காட்டுன மாதிரி ஆவாதா? நீதான சொன்ன?"

நான் சொன்ன சொல் அவர் வாயில் கேட்கும்போது, அது பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தைரியமில்லை.

"கெழக்கு வாசலை மூடச் சொல்லல தலைவரே. அது அவளுக்கு. பால் ஊத்துவோம், கும்பிடுவோம். மேக்கால ஒண்ணு நமக்கு வேணும்."

தலைவர் மற்ற ஆம்பளைகளைத் திரும்பிப் பார்த்தார். ஓரத்திலிருந்து அஞ்சலை சொன்னாள்: "எனக்கு முட்டி மடங்காது தலைவரே. அடுத்த தடவை பாயாசம் இருக்குமோ இருக்காதோ."

கடப்பாரை

ஊர் சம்மதித்த பிறகு குமாரும் நாலு பேரும் ஒரு காலையில் உடைத்தார்கள். மேலே இருந்த சில்லை முதலில் பெயர்த்துச் சாக்கில் கட்டினார்கள். ஒரு கதவு அகலத்துக்கு வழி விழுந்ததும் நிறுத்திவிட்டு டீ குடித்தார்கள். அப்போது கலா தன் அப்பாவோடு வந்து இறங்கினாள்.

அவள் உள்ளே வரவில்லை. உடைந்த இடத்தில் நின்று கிழக்கு வாசலையே பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தாண்டி, வாசலுக்குள் ஒரு துண்டு வானம் தெரியும். அவள் உதடு வெளுத்திருந்தது. அப்பா தோளைத் தொட்டார். திரும்பிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். குமார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

அவள் திரும்பவில்லை. "பெரியம்மா, இங்க வாங்க," என்று அஞ்சலையைக் கூப்பிட்டாள். கைத்தடியோடு அவளை வழியில் நிறுத்தினாள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு என்னை. அப்புறம் அவளும் வந்து நின்றாள். ஒரே நேரத்தில் நாலு பேரும் நடந்து பார்த்தோம். அஞ்சலையின் முழங்கை செங்கலில் இடித்தது. குழந்தை வீறிட்டது.

"பத்தல," என்றாள் கலா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குமாரு, ஒடை," என்றேன்.

"எவ்ளோம்மா?"

"அவ போதும்ங்குற வரைக்கும்."

கடப்பாரை விழுந்தது. கலா ஒவ்வொரு தடவையும் எங்களை நிற்க வைத்தாள், நடக்க வைத்தாள், பத்தாது என்று தலையை ஆட்டினாள். மேற்குச் சுவர் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. செங்கல் தூசியில் எல்லோர் முகமும் சிவந்திருந்தது. அவள் இன்னும் போதும் என்று சொல்லவில்லை.